கலாயோகி ஆனந்த குமாரசுவாமி

நடராசர் திருவுருவத்தை அறியாத தமிழர் இலர். தூக்கிய திருவடியும் விரிந்த சடையும் சுற்றிலும் எரியும் திருவாசியும் நம் கண்ணுக்குப் பழகியவை. இன்று அவ்வுருவம் உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் பலவற்றில் பெருமைக்குரிய இடத்தில் வைக்கப்பட்டுள்ளது. ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் நிலைமை வேறாக இருந்தது. பல கைகள் கொண்ட கடவுள் உருவங்களை மேலைநாட்டார் பலர் விந்தைப் பொருள்களாகவே கண்டனர். இந்தியாவில் கைவினை உண்டு, கலை இல்லை என்று கற்றவர்களே கூறிய காலம் அது. அந்தக் கருத்தை மாற்றியவர்களுள் முதன்மையானவர் தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. அவர் போரிட்டதெல்லாம் நூல்களைக் கொண்டுதான். எழுத்தும் படமும் சேர்ந்த அழகிய, ஆழமான நூல்கள் அவை.

ஆனந்தர் 1877ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 22ஆம் நாள் கொழும்பில் பிறந்தார். அவர் தந்தை சர் முத்துக் குமாரசுவாமி, யாழ்ப்பாணத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் தோன்றியவர். இலங்கைச் சட்டசபையில் உறுப்பினராக இருந்தவர். இலண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்றவர். அரிச்சந்திரன் நாடகத்தைத் தமிழிலிருந்து ஆங்கிலத்திற்கும், பௌத்த நூல்கள் சிலவற்றைப் பாலி மொழியிலிருந்து ஆங்கிலத்திற்கும் பெயர்த்தவர். இலங்கை அரசியலில் புகழ்பெற்ற பொன்னம்பலம் இராமநாதனும் பொன்னம்பலம் அருணாசலமும் அவருடைய தமக்கையின் மக்கள். தாய் எலிசபெத் பீபி, இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தைச் சேர்ந்தவர். அந்த ஊர்த் தொடர்பு மகனின் பெயரிலும் இடம்பெற்றது. ஆனந்த கெண்டிஷ் குமாரசுவாமி என்பதே அவருடைய முழுப்பெயர்.

தாயும் குழந்தையும் இங்கிலாந்துக்குச் சென்றிருந்தனர். தந்தையும் அங்குச் சென்று அவர்களுடன் சேர்ந்துகொள்ள ஆயத்தமாகியிருந்தார். ஆனால், 1879ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் கொழும்பில் காலமானார். ஆனந்தருக்கு அப்போது இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. தந்தையின் முகமோ மொழியோ நினைவில் பதியாத நிலையில் அவர் ஆங்கிலேயச் சிறுவனாகவே வளர்ந்தார். அவர் தமக்குரிய பண்பாட்டைப் பிறப்பால் எளிதாகப் பெற்றவர் அல்லர். வளர்ந்த பின்னர்த் தேடிச் சென்று கற்றுக்கொண்டவர். அவருடைய வாழ்க்கையைப் படிப்போர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

குளோஸ்டர் மாவட்டத்திலுள்ள விக்ளிஃப் கல்லூரி என்னும் பள்ளியில் படித்தபோது அவருடைய மனம் கற்களையும் பாறைகளையும் நாடியது. பள்ளிக்கு அருகிலிருந்த குன்றின் நில அமைப்பைப் பற்றி மாணவர் இதழில் கட்டுரை எழுதினார். பின்னர், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் கற்று முதல் வகுப்பில் தேறினார். 1902ஆம் ஆண்டில் எதெல் மேரி பார்ட்ரிட்ஜ் என்னும் பெண்மணியை மணந்தார். அடுத்த ஆண்டே இலங்கைக் கனிமவள ஆய்வுத் துறையின் இயக்குநராகப் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு இருபத்தைந்து அல்லது இருபத்தாறு வயதுதான்.

அந்தப் பணியில் அவர் சிறந்து விளங்கினார். செரண்டிபைட் என்னும் புதிய கனிமத்தை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர்களுள் அவரும் ஒருவர். தோரியனைட் என்னும் கதிரியக்கக் கனிமம் இலங்கையில் கண்டறியப்பட்டதிலும் அவருக்குப் பங்கு உண்டு. இலண்டன் பல்கலைக்கழகம் 1906இல் அவருக்கு அறிவியல் முனைவர் பட்டம் வழங்கியது. நிலவியலிலேயே நின்றிருந்தாலும் அவர் பெயர் நிலைத்திருக்கும்.

ஆனால், கனிமங்களைத் தேடி ஊர் ஊராகச் சென்றவர் வேறொன்றையும் கண்டார். கண்டிப் பகுதியின் சிற்றூர்களில் தச்சர்களும் தட்டார்களும் ஓவியர்களும் பாய் நெய்வோரும் இருந்தனர். அவர்களுடைய கைத்திறன் தலைமுறை தலைமுறையாக வந்தது. ஆனால், அதை நாடி வருவோர் குறைந்துகொண்டே போயினர். 1815இல் கண்டி அரசு ஆங்கிலேயரிடம் வீழ்ந்த பின்னர் அந்தக் கலைஞர்களைப் பேணிய அரண்மனை இல்லாமற் போயிற்று. கப்பல்களில் வந்திறங்கிய இயந்திரத் துணிகளும் பாத்திரங்களும் சந்தையைப் பிடித்துக்கொண்டன. பழைய விகாரைகளைச் செப்பனிடுவோரும் மரபறிந்த தச்சரை விட்டுவிட்டுப் புதுமோகத்தில் சென்றனர். 1905இல் கண்டித் தலைவர்களுக்குப் பகிரங்க மடல் ஒன்றை ஆனந்தர் எழுதினார். பழைய கட்டடங்களைப் பேணுமாறும் உள்ளூர்க் கைவினைஞர்களை ஆதரிக்குமாறும் அதில் வேண்டிக்கொண்டார். இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தைத் தோற்றுவிப்பதிலும் முன்னின்றார். மக்கள் மேலைநாட்டு உடையையும் பழக்கத்தையும் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவதை அச்சங்கம் எதிர்த்தது. இங்கிலாந்திலேயே வளர்ந்த ஒருவர் அதைச் சொல்ல வேண்டியிருந்தது!

அழிந்துகொண்டிருந்த கைவினைகளை எவ்வாறு காப்பது? மடல் எழுதினால் மட்டும் போதாது என்பதை அவர் உணர்ந்தார். ஓர் அறிவியலாளர் கனிமங்களைச் சேகரித்து, வகைப்படுத்தி, பெயரிட்டு, படம் வரைந்து பதிவு செய்வதைப் போலவே அவர் அக்கைவினைகளையும் பதிவு செய்யத் தொடங்கினார். கைவினைஞர்களின் பட்டறைகளில் அமர்ந்து அவர்கள் வேலை செய்யும் முறையைக் கவனித்தார். கருவிகளின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டார். சிற்பிகளிடமிருந்த பழஞ்சுவடிகளை ஆராய்ந்து, சிலை செய்வதற்குரிய அளவு விதிகளைத் தொகுத்தார். எதெல் புகைப்படங்கள் எடுத்தார். இவ்வாறு உருவானதே இடைக்காலச் சிங்களக் கலை என்னும் பெருநூல்.

அந்நூல் அச்சான வரலாறு தனியே சொல்லத்தக்கது. இங்கிலாந்தில் வில்லியம் மோரிஸ் என்பவர் இயந்திரப் பொருள்களின் மலிவுத்தனத்தை வெறுத்துக் கைவினையின் மாண்பை எடுத்துரைத்தவர். கெல்ம்ஸ்காட் என்னும் தம் அச்சகத்தில் தாள், மை, எழுத்துரு, ஓரச் சித்திரம் ஆகிய ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்து நூல்களை அச்சிட்டார். அவர் 1896இல் மறைந்த பின்னர், அந்தக் கையச்சு இயந்திரம் ஆஷ்பி என்பவரின் எசெக்ஸ் இல்ல அச்சகத்திற்கு வந்தது. அங்கிருந்து அது ஆனந்தரின் கைக்கு வந்து சேர்ந்தது. அப்போது அவர் பிராட் கேம்ப்டன் என்னும் சிற்றூரில், ஆஷ்பி புதுப்பித்துத் தந்த பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றில் வாழ்ந்துவந்தார். 1907 செப்டம்பரில் அங்கு அச்சு வேலை தொடங்கியது. 1908 டிசம்பரில் முடிந்தது. பதினைந்து மாத உழைப்பில் வெளிவந்தவை 425 படிகள் மட்டுமே.

கைவினையைப் பற்றிய நூலைக் கைவினையாகவே செய்ய வேண்டும் என்று அவர் கருதினார். இயந்திரத்தால் நசிந்த தொழிலாளரைப் பற்றி இயந்திர வேகத்தில் அச்சடித்து விற்பது அவருக்கு உடன்பாடாக இல்லை. இன்று நாம் ஒரு பொத்தானை அழுத்தி ஆயிரம் படங்களைப் பார்க்கிறோம். அவரோ ஒவ்வொரு தாளையும் கையால் ஈரப்படுத்தி, மை தடவி, அழுத்தி எடுக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தார். வீண்பிடிவாதம் என்று சிலர் நினைக்கக்கூடும். ஆயினும், அந்நூலைப் புரட்டுவோருக்குப் பொருளும் வடிவும் ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்பது விளங்கும்.

நூலின் உள்ளே என்ன இருக்கிறது? கட்டடக்கலை, மரவேலை, கல்வேலை, தந்தவேலை, உலோகவேலை, மட்பாண்டம், ஓவியம், நெசவு, பின்னல் எனத் தொழில் தொழிலாக விரிந்து செல்கிறது. கலைஞன் எந்தச் சமூகத்தில் வாழ்ந்தான், அவனுக்கு நிலம் எவ்வாறு வழங்கப்பட்டது, அதற்கு ஈடாக அவன் என்ன பணி செய்தான் என்பனவும் விளக்கப்பட்டுள்ளன. புத்தர் சிலைக்குக் கண் திறக்கும் சடங்கைப் பற்றிய பகுதி பலராலும் எடுத்தாளப்படுவது. சிலையின் மற்றப் பகுதிகளெல்லாம் முடிந்த பின்னரும் அது வெறும் கல்லே. கண்ணைத் தீட்டும்போதுதான் அது வழிபாட்டுக்குரியதாகிறது. ஆதலால், கலைஞன் அந்தக் கண்ணை நேருக்கு நேர் பார்ப்பதில்லை. கண்ணாடியில் பிம்பத்தைப் பார்த்தவாறே தீட்டுகிறான். நம் கோயில்களில் சிலைகளுக்குக் கண் திறக்கும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது நெருக்கமான செய்தியாகவே தோன்றும்.

அந்நூல் வெளிவந்து ஓராண்டு கழிந்தபின் இலண்டனில் ஒரு பூசல் எழுந்தது. 1910ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அரச கலைக் கழகத்தின் கூட்டமொன்றில் இந்தியக் கலையைப் பற்றி ஹேவல் என்பவர் உரையாற்றினார். கூட்டத்திற்குத் தலைமை தாங்கிய ஜார்ஜ் பேர்ட்வுட் இந்தியக் கைத்தொழில்களைப் பற்றி நூல் எழுதியவர், அவற்றைப் பாராட்டியவர். அப்படிப்பட்டவரே இந்தியாவில் உயர்கலை என்று ஒன்று இல்லை என்றார். ஜாவாவில் கிடைத்த தியான நிலைப் புத்தர் சிலையின் படத்தைச் சுட்டிக்காட்டி, அதைக் கொழுப்பிட்டு அவித்த மாவுப்பண்டத்தோடு ஒப்பிட்டார். அதை எதிர்த்துக் கலைஞர்களும் எழுத்தாளர்களுமாக 13 பேர் நாளிதழில் கூட்டறிக்கை வெளியிட்டனர். அதே ஆண்டில் இலண்டனில் இந்தியக் கழகம் தோன்றியது. அதைத் தோற்றுவித்தவர்களுள் ஆனந்தரும் ஒருவர். இந்தியக் கலை பற்றிய தரமான படநூல்களை வெளியிடுவதை அக்கழகம் தன் பணிகளுள் ஒன்றாகக் கொண்டது. வசைக்குப் படத்தாலேயே விடை கூறினர் எனலாம். நல்ல படத்தைக் கண்ட பின்னர் அத்தகைய ஒப்பீட்டை யாரும் துணிந்து சொல்ல மாட்டார்கள் என்பது அவர்களின் நம்பிக்கை.

அதே காலத்தில் அலகாபாத்தில் 1910, 1911ஆம் ஆண்டுகளில் நடந்த பெரிய பொருட்காட்சியில் கலைப்பிரிவின் பொறுப்பு ஆனந்தருக்குக் கிடைத்தது. அதற்காக வட இந்தியாவெங்கும் சுற்றினார். இராஜஸ்தானத்திலும் பஞ்சாப் மலைநாட்டிலும் சிற்றரசர்களின் அரண்மனைகளிலும் வணிகர்களிடமும் இருந்த ஓவியங்களைக் கண்டு திரட்டினார். கண்ணன் கதையும் இராகங்களின் உருவகமும் பருவங்களின் அழகும் தீட்டப்பட்ட சிறிய ஓவியங்கள் அவை. அதுவரை அவை மொகலாய ஓவியங்களோடு ஒன்றாகக் கலந்தே பேசப்பட்டன. அரசவையின் வாழ்வைத் தீட்டிய மொகலாய ஓவியம் வேறு, மக்களின் பக்தியிலும் பாட்டிலும் வேரூன்றிய இராஜபுத்திர ஓவியம் வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். 1916இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட இராஜபுத்திர ஓவியம் என்னும் இரு தொகுதிகள் இதனை நிறுவின. அவர் குறித்த காலக்கணக்குகளைப் பிற்கால ஆய்வாளர்கள் திருத்தியுள்ளனர். இரு மரபுகளுக்கும் இடையே அவர் கண்ட அளவுக்குப் பெரிய இடைவெளி இல்லை என்றும் காட்டியுள்ளனர். எனினும், அத்துறைக்கு வாயில் திறந்தவர் அவரே.

அத்தனை ஓவியங்களையும் என்ன செய்வது? காசியில் தேசிய அருங்காட்சியகம் ஒன்றை நிறுவினால், தம் சேகரிப்பு முழுவதையும் அதற்கு வழங்குவதாக அவர் முன்வந்தார். சுதேசியம் முழங்கிய காலம் அது. ஆயினும், அருங்காட்சியகம் எழுப்பப் பணம் சேரவில்லை. முதல் உலகப் போர் மூண்டபோது, தன்னாட்சி மறுக்கப்பட்ட இந்தியர்கள் ஆங்கிலேயப் பேரரசுக்காகப் போரிடக் கடமைப்பட்டவர்கள் அல்லர் என்று அவர் கருதினார். இங்கிலாந்தில் அவருக்கு வாழ்வு கடினமாயிற்று. 1917இல் அவர் அமெரிக்காவுக்குச் சென்றார். டென்மன் ராஸ் என்னும் செல்வர் அந்தச் சேகரிப்பை விலைக்கு வாங்கிப் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திற்கு வழங்கினார். அங்கு இந்தியக் கலைப்பிரிவின் காப்பாளராக ஆனந்தரும் அமர்ந்தார். காசியில் இருந்திருக்க வேண்டிய ஓவியங்கள் இன்று பாஸ்டனில் உள்ளன. அது இழப்பா, நன்மையா? இந்தியாவுக்கு அது இழப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால், அமெரிக்காவில் இந்தியக் கலையைப் பலர் முதன்முதலாகக் கண்டதும் அந்த இழப்பினால்தான். இரண்டையும் சேர்த்தே எண்ண வேண்டியுள்ளது.

தமிழர்களாகிய நமக்கு அவருடைய எழுத்துகளுள் மிக நெருக்கமானது சிவ நடனத்தைப் பற்றிய கட்டுரை. இது முதலில் 1912இல் சென்னையிலிருந்து வெளிவந்த சித்தாந்த தீபிகை என்னும் இதழில் இடம்பெற்றது. பின்னர், 1918இல் நியூயார்க்கில் வெளியான 14 கட்டுரைகளின் தொகுப்புக்கு அதுவே தலைப்பாயிற்று. நடராசர் திருவுருவத்தின் பொருளைக் கூற அவர் திருமந்திரத்தையும் உண்மை விளக்கத்தையும் துணைக்கொண்டார். உடுக்கை படைத்தலையும், அமைந்த கை காத்தலையும், தீ அழித்தலையும், ஊன்றிய திருவடி மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் குறிக்கும் என்னும் சைவ சித்தாந்த விளக்கம் அக்கட்டுரையின் வழியே உலகெங்கும் பரவியது. சிலையின் அழகைப் புகழ்வதோடு அவர் நிற்கவில்லை. அச்சிலையை வார்த்தவர்களும் வணங்கியவர்களும் எதை நினைத்தார்கள் என்று கேட்டார். அதற்கு விடை அவர்களுடைய நூல்களிலேயே இருக்கிறது என்று தேடிச் சென்றார். ஒரு கலைப்பொருளை அதைப் படைத்த மக்களின் சொல்லைக் கொண்டே விளக்க வேண்டும் என்னும் இந்த முறையே அவருடைய பெரிய கொடை என்பது என் கருத்து.

பாஸ்டனில் அவர் முப்பது ஆண்டுகள் பணியாற்றினார். அருங்காட்சியகத்திலிருந்த இந்தியக் கலைப்பொருள்களுக்கு விரிவான அட்டவணை நூல்களைப் பல பகுதிகளாக வெளியிட்டார். அபிநய தர்ப்பணம் என்னும் நடன நூலைத் துக்கிராலா கோபாலகிருஷ்ணையாவுடன் சேர்ந்து ஆங்கிலத்தில் பெயர்த்தார். புத்தர் உருவம் கிரேக்கர் செல்வாக்கால்தான் தோன்றியது என்று ஐரோப்பிய அறிஞர்கள் கூறிவந்ததை மறுத்து, மதுராவின் யட்சர் சிலைகளிலிருந்தே அது வளர்ந்தது என்று 1927இல் வாதிட்டார்.

அதே 1927இல் வெளிவந்ததுதான் இந்திய, இந்தோனேசியக் கலை வரலாறு. சிந்துவெளி முதல் ஜாவா வரையிலான கட்டடங்களையும் சிற்பங்களையும் ஓவியங்களையும் ஒரே தொகுதிக்குள் கொண்டுவந்த நூல் அது. 400 படங்கள் அதன் பின்பகுதியில் வரிசையாக அமைந்துள்ளன. ஒவ்வொரு படத்திற்கும் எண் உண்டு; அது எந்த இடத்தைச் சேர்ந்தது, எக்காலத்தது என்னும் குறிப்பும் உண்டு. மாமல்லபுரத்தின் கற்கோயிலைப் பார்த்துவிட்டுப் பக்கங்களைத் தள்ளினால் கம்போடியாவும் ஜாவாவும் வருகின்றன. சொல்லாலன்றிக் கண்ணாலேயே ஒப்பிட்டறிய வாசகருக்கு வாய்ப்புக் கிடைக்கிறது. இன்று கலை வரலாற்று நூல்களில் இந்த அமைப்பு நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. அன்று இத்தனை நாடுகளின் கலைச் செல்வங்களை ஒருவர் ஒரே நூலில் திரட்டித் தந்தது அரிய செயல்.

அந்நூல் நம் நாட்டுக்கும் தொலைவானது அன்று. பிறைக்கு அண்மையிலுள்ள புக்கிட் மெர்தாஜாமில், செரோக் தோக்குன் என்னுமிடத்தில், புனித அன்னாள் தேவாலய வளாகத்தில் ஒரு பாறை உள்ளது. அதில் பல்லவர் கால எழுத்து முறையில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு உள்ளது. அதை 1845இல் ஜேம்ஸ் லோ என்னும் ஆங்கிலேய அதிகாரி கண்டறிந்தார். கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் குவாரிட்ச் வேல்ஸ் விரிவான அகழாய்வு நடத்தியதோ, ஆனந்தரின் நூல் வெளிவந்து ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கழிந்த பின்னர்தான். கடல் கடந்து சென்ற கலைமரபு என்று அவர் வரைந்த பெரிய படத்தில், நம் மண்ணில் கிடைத்த சான்றுகள் பிற்காலத்தில் வந்து பொருந்தின. இங்கு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். தென்கிழக்காசியக் கலையை அவர் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து நோக்கினார். இங்கு வாழ்ந்த மக்கள் வந்த கலையை ஏற்றுக்கொண்டதோடு நில்லாமல், தேர்ந்தும் மாற்றியும் தமக்கே உரியதாக்கிக்கொண்டனர் என்பதற்கு இன்றைய ஆய்வாளர்கள் கூடுதல் அழுத்தம் தருகின்றனர். பூஜாங் பள்ளத்தாக்குக்குச் செல்லும் மாணவர்கள் இரு கோணங்களிலும் பார்ப்பது நன்று.

1930களில் ஆனந்தரின் எழுத்து மேலும் ஆழமானது, கடினமும் ஆனது. உபநிடதங்களையும் பிளேட்டோவையும் இடைக்காலக் கிறித்தவ ஞானியரையும் அருகருகே வைத்து ஆராய்ந்தார். வடமொழி, பாலி, கிரேக்கம், இலத்தீன் ஆகிய மொழிகளின் மூலநூல்களிலிருந்தே சான்று காட்டினார். அடிக்குறிப்புகள் சில வேளைகளில் கட்டுரையையே விழுங்கிவிடும். பழைய சமுதாய அமைப்பை அவர் அளவுக்கு மீறிப் போற்றினார் என்றும், அதிலிருந்த சாதி ஒடுக்குமுறையைப் போதிய அளவு காணவில்லை என்றும் அவர்மீது குறை கூறப்படுவதுண்டு. அக்குறையில் உண்மை உண்டு. அருங்காட்சியகத்தில் ஊதியம் பெற்றுக்கொண்டே, கலைப்பொருள்கள் அருங்காட்சியகங்களுக்காகப் படைக்கப்பட்டவை அல்ல என்று எழுதவும் அவர் தயங்கவில்லை. வணங்குவதற்கும் உண்பதற்கும் உடுப்பதற்கும் படைக்கப்பட்டவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டு, அவற்றின் பயனை மறந்துவிடக் கூடாது என்பதே அவருடைய கவலை.

1947ஆம் ஆண்டு ஆகஸ்டில் இந்தியா விடுதலை பெற்றது. அதே மாதத்தில் ஆனந்தருக்கு எழுபது வயது நிறைந்தது. நண்பர்கள் பாஸ்டனில் விருந்து நடத்தினர். பணியிலிருந்து ஓய்வு பெற்று இந்தியாவுக்குச் சென்று எஞ்சிய நாளை அங்கேயே கழிக்கப்போவதாக அவர் அவர்களிடம் தெரிவித்தார். ஆனால், மூன்று வாரம்கூடக் கழியவில்லை. செப்டம்பர் 9ஆம் நாள், பாஸ்டனுக்கு அண்மையிலுள்ள நீடம் என்னும் ஊரில், தம் இல்லத்தில் காலமானார்.

தமிழுலகம் அவரைக் கலாயோகி என்று போற்றுகிறது. கொழும்பில் ஒரு சாலைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. 425 படிகளே அச்சான சிங்களக் கலை நூல் 1956இல் மறுபதிப்பாயிற்று. இந்திய, இந்தோனேசியக் கலை வரலாறு 1965இல் மலிவுப் பதிப்பாக வந்து, மாணவர்களின் கைக்கும் எட்டியது. 2004ஆம் ஆண்டில், சுவிட்சர்லாந்திலுள்ள செர்ன் அணுத்துகள் ஆய்வு மையத்திற்கு இந்திய அரசு இரண்டு மீட்டர் உயரமுள்ள நடராசர் சிலை ஒன்றை அன்பளிப்பாக வழங்கியது. அச்சிலையின் கீழுள்ள பலகையில், அணுவை ஆராய வரும் அறிவியலாளர்களுக்கு அந்நடனத்தின் பொருளைக் கூறுவன, கற்களை ஆராயத் தொடங்கிய ஆனந்த குமாரசுவாமியின் சொற்களே.